நாடகத்தின் இரண்டு பிரதிகளும் என் கையெழுத்தும்

கோர்ட்டு நகல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் இருவர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். கச்சேரிக்குத் தட்டச்சு யந்திரம் வந்துவிட்டது, ஒரே அடியில் மூன்று நகல் விழுகிறது, ஒப்புப் பார்க்கத் தனியாக ஒரு குமாஸ்தா எதற்கு என்று மேலிடத்தில் கேட்கிறார்கள் என்றார்கள். தங்கள் ஆண்டு மலருக்கு என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். புறப்படும்போது ஒருவர் கேட்டார்: "ஒங்க சர்வீசுல ஒரு தப்பாச்சும் ஒங்க கண்ணுக்குத் தப்பிப் போயிருக்கா சார்?"

"இல்லை" என்றேன்.

அது உண்மைதான். வேலை பழகிய பிறகு கண்ணுக்குத் தப்பிப் போனது எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாள், எட்டுப் பக்கங்களில், கண்ணால் பார்த்ததை வாயால் சொல்லாமல் விட்டேன். அதன் கீழ் கையெழுத்தும் போட்டேன். மலருக்கு எழுதுவதென்றால் அதைத்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது. மகளிடம் கேட்டேன். "எழுதுங்க" என்றாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கச்சேரி இருந்த ஊரையும் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டு என்று வைத்துக்கொண்டால் போதும்.

நான் கெங்குவார்பட்டிக்காரன். பள்ளி இறுதி வகுப்புத் தேறியதும் நகல் எழுத எடுத்தார்கள். என் எழுத்து சுமார். இரண்டு வருஷத்தில் எழுதுவதை விட்டு ஒப்புப் பார்க்கப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. கச்சேரியில் என் சொந்தப் பெயரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் நான் 'கம்பேர்', ஒப்புப் பார்க்கிறவன்.

வேலையைக் கற்றுக்கொண்டது ஹெட் கிளார்க் மீரான் ராவுத்தரிடம். ஒப்புப் பார்க்க உட்காருமுன் அவர் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவார். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டு வரச் சொல்வார். மூக்குக் கண்ணாடியைத் துண்டின் நுனியால் துடைத்து, ரூல் தடியை நகலின் முதல் வரிக்குக் கீழே வைத்துவிட்டு, "ம்" என்பார். மூலத்தை ஒருவர் உரக்கப் படிப்பார். நகலை மற்றவர் கண்ணால் தொடர்வார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்லவேண்டும். அடித்த சொல்லை, "அடித்தது" என்று சொல்லிப் படிக்கவேண்டும். வரிக்கு மேலே இடுக்கி எழுதியதை, "சேர்த்தது" என்று சொல்லிப் படிக்கவேண்டும். நடுவில் ஒரு தும்மல் வந்தாலும் அந்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பவேண்டும். பாதியில் தாள்களை மாற்றிக்கொள்வோம். படித்தவர் பார்ப்பார், பார்த்தவர் படிப்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இடது மூலையில் அந்தப் பக்கத்தில் எத்தனை அடித்தல், எத்தனை சேர்த்தல் என்று எண்ணி எழுதி, கீழே ஒரு கோடு இழுப்போம். பிறகு யாரும் ஒரு சொல்லைக்கூட நுழைக்க முடியாது.

முதல் வாரமே ராவுத்தர் சொன்னார்: "ஏப்பா கம்பேரு, அர்த்தம் பாக்காத. அர்த்தம் பாத்தீன்னா இல்லாத எழுத்து இருக்குற மாதிரித் தெரியும். கண்ணு தானாச் சரி பண்ணிக்கிரும். நீ எழுத்த மட்டும் பாரு."

வேலை பழகுமுன் ஒருமுறை வாய்க்கால் தண்ணீர் முறை பற்றிய ஒரு தீர்ப்பின் நகலில் ஒரு வரியை விட்டுவிட்டேன். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்தன. கண் ஒன்றைத் தாண்டிவிட்டது. விடுபட்ட வரியில் ஒரு குடும்பத்தின் வெள்ளிக்கிழமைத் தண்ணீர் இருந்தது. ராவுத்தர் திட்டவில்லை. சைக்கிளை என் பக்கம் திருப்பி நிறுத்தி, "சின்னமனூருக்குத்தான் கொண்டு போயிருக்காக. வாங்கிட்டு வந்துரு" என்றார். வெயிலில் போய் வாங்கி வந்தேன். அதன்பின் என் கண் எந்த வரியையும் தாண்டியதில்லை.

வேலை மிகுந்த மாதங்களில் நகல்களை அனுமதி பெற்று வீட்டுக்கு எடுத்துப் போவதுண்டு. மூலத்தைப் படிக்க ஆள் வேண்டும். மனைவிக்குப் படிக்கத் தெரியாது. மகளுக்கு எட்டு வயதிலேயே வாசிப்புத் தெளிவு. பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பாகப்பிரிவினைப் பத்திரங்களைச் சாய்ந்து உட்கார்ந்து முற்றுப்புள்ளி சகிதம் படிப்பாள். அவளுடைய பள்ளிக் கட்டுரை நோட்டில் பக்கத்து அடியில் 'அ. 2, சே. 1' என்று எழுதிக் கோடு இழுத்திருந்ததைப் பார்த்து, கன்னியாஸ்திரீ டீச்சர் சிரித்து எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நானும் சிரித்தேன்.

பாப்பா வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்தபோது யுத்தம் வந்தது. போடி வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்து யுத்தத்துக்குக் கொண்டு போனார்கள். ஊரில் பலர் பட்டாளத்துக்கும் போயிருந்தார்கள். அந்த வருஷம் பக்கத்துக் கிராமத்துக் கோயில் திருவிழாவில் அரைமணி நேர நாடகம் ஒன்று போட்டார்கள். நடத்தியவர் ஆரம்பப்பள்ளி ஆசிரியர் ஆரோக்கியம். ஆர்மோனியம் வாசிப்பார். பாப்பாவுக்குச் சின்ன வகுப்பில் பாடம் சொன்னவர். அவருடைய மனைவி பாப்பாவோடு படித்தவள், வயதில் கொஞ்சம் மூத்தவள், எங்கள் வீட்டுக்கு வந்து போவாள். விதிப்படி நாடகத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் போலீஸ் அனுமதி வாங்கியிருந்தார்கள். ஆனால் மேடையில் பேசியது வேறாக இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார். ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தபோது இன்னொரு பிரதி கிடைத்தது. ஆரோக்கியத்தைக் கைது செய்தார்கள். இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு வித்தியாசங்களை வரிசையாக எழுதித் தரும்படி மாஜிஸ்திரேட் எங்களுக்கு உத்தரவிட்டார்.

ராவுத்தர் ஜன்னலைச் சாத்தினார். அனுமதிப் பிரதியை அவர் வைத்துக்கொண்டார். பிடிபட்ட பிரதியை நான் படிக்கவேண்டும். எட்டுப் பக்கம், கோடு போடாத நோட்டுத் தாள். நடிக்கிற ஆட்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தோதாக, கரும்பலகையில் எழுதுவதுபோல் பெரிய பெரிய தனி எழுத்து. யாருடைய கையெழுத்தென்று சொல்ல முடியாது. வாத்தியார் எழுத்து என்று போலீஸ் முடிவு செய்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கதை சின்னது. தண்டவாளம் போன பிறகும் ஒரு கிழவி தினமும் சோறு கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிறாள். பட்டாளத்துக்குப் போன மகன் வண்டியில் வருவான் என்று நிற்கிறாள்.

"ஸ்டேஷன் மாஸ்டர் தலை நிமிரவில்லை, முற்றுப்புள்ளி" என்று படித்தேன்.

"இதுல, ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து கிழவிக்கு நாற்காலி போடுகிறார்னு இருக்கு. எழுதிக்க" என்றார் ராவுத்தர்.

எழுதிக்கொண்டேன். அடுத்தது: "மாஸ்டர்: தண்டவாளத்தப் பேத்துக்கிட்டுப் போயிட்டாக, முற்றுப்புள்ளி. இனி வண்டி எங்கன ஓடும், கேள்விக்குறி. கிழவி: அப்ப எம் மவன் எதுல வருவான், கேள்விக்குறி. மாஸ்டர்: அது எனக்குத் தெரியாது, முற்றுப்புள்ளி. கிழவி: ஆருக்குத் தெரியும், கேள்விக்குறி. மாஸ்டர்: அதுவும் தெரியாது, முற்றுப்புள்ளி."

அனுமதிப் பிரதியில் இந்த இடத்தில் ஒரே பேச்சுத்தான் இருந்தது. யுத்தம் முடிந்ததும் வண்டி வரும், உன் மகனும் பதக்கத்தோடு வருவான், சர்க்காரை நம்பு தாயே என்று மாஸ்டர் சொல்கிறார். கிழவி கும்பிடுகிறாள்.

"கிழவி அழுகிறாள், அடித்தது" என்று படித்தேன். "மேலே சேர்த்தது: கிழவி சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொள்கிறாள், முற்றுப்புள்ளி."

முதல் பக்கம் அதோடு முடிந்தது. கண் தானாக அடிக்குப் போயிற்று. இடது மூலையில் 'அ. 4, சே. 2' என்று இருந்தது. கீழே ஒரு கோடு.

கதை எழுதுகிற எவனும் அடித்தலை எண்ண மாட்டான். இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி எண்ணுகிறவர்கள் கச்சேரிக்காரர்களான எங்களைப் போல் சிலர்தான். எங்களைத் தவிர ஒரே ஒருத்தி. அவள் என் வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை கூடலூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

வேட்டியில் கை துடைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

"அடியில ஒண்ணும் இல்லயா?" என்றார் ராவுத்தர். அவர் கண் ரூல் தடியின் மேல் இருந்தது.

"இல்லைங்கய்யா" என்றேன். பக்கத்தைத் திருப்பினேன்.

அதன்பின் அர்த்தம் பார்க்காமல் படிக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு வரியிலும் என் மகள் இருந்தாள். ஆனால் அவள் எனக்குத் தெரிந்த மகள் இல்லை. 'பாவம்' என்று எழுதி அடித்திருந்தாள். 'கண்ணீர்' என்று எழுதி அடித்திருந்தாள். எங்கே எழுதினாள், எப்போது எழுதினாள், பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய கிழவியை எங்கே பார்த்தாள், எதுவும் எனக்குத் தெரியாது. அரிசி களையும்போதா, நான் கச்சேரிக்குப் போன பிறகா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காத ஆளுக்கு ஒப்புநோக்குக் குமாஸ்தா என்று பெயர்.

நாலாம் பக்கம் முடிந்ததும் ராவுத்தர் கை நீட்டினார். தாள்களை மாற்றிக்கொள்ளும் நேரம். அவர் கைக்குப் போனால் அவர் அடியைத்தான் முதலில் பார்ப்பார்.

"நானே படிச்சுருறேன்யா. தொண்டை நல்லாத்தான் இருக்கு."

"இத்தன வருசத்துல நீ இப்பிடிக் கேட்டதில்லயே" என்றார். என் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையை மெதுவாக மடக்கி மேஜையின் மேல் வைத்தார். "சரி. படி."

அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இப்போது இல்லை.

எட்டுப் பக்கம் முடிந்தது. இருபத்தேழு வித்தியாசங்கள். கடைசியில் வழக்கம்போல, 'மேற்கண்டவை தவிர வேறு குறிப்பு, எழுத்து எதுவும் இல்லை' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே ராவுத்தரும் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். பாப்பா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாடகத்த எழுதுனது யாரு?"

"ஆரோக்கியம் சார்னுதான சொல்றாக" என்றாள், முறத்தை ஆட்டிக்கொண்டே.

"அவரு அடித்தலை எண்ண மாட்டாரு."

முறம் நின்றது. "எண்ணியிருக்கேனாப்பா? எனக்கே தெரியாது. கை தானா எழுதிருக்கு."

"ரெண்டு பிரதியையும் நீதான் எழுதுனியா?"

"பிடிபட்டது என்னோடது. அனுமதிக்குக் குடுக்க சார் அத நயமா மாத்தி எழுதிக்கிட்டாக. மேடையில என்னோடதையே பேசுவோம்னாக." பிறகு, "சார ஜெயில்ல போடுவாகளா?"

நான் பதில் சொல்லுமுன்பே எழுந்துவிட்டாள். "நான் வந்து சொல்லிருறேன்ப்பா. நாளைக்கே ஒங்ககூட வாரேன்."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "அப்பனும் மகளும் அங்கன என்ன கச்சேரி நடத்துறீக? புடைச்ச வரைக்கும் உள்ள கொண்டா."

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். கோர்ட்டு விஷயம் எனக்குத்தான் தெரியும் என்று அவள் நம்பினாள். அதை வைத்துச் சொன்னேன். "நீ வாயத் தொறந்தா ரெண்டு பேருக்கும் தண்டனை, அவருக்கு இன்னும் கூடும். நீ பேசாம இருந்தா வாத்தியார எச்சரிச்சு விட்டுருவாக."

"நெசமாவா?"

"நான் பாக்காத கேசா?"

உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "அடியில நான் எழுதியிருந்தத நீங்க வித்தியாசத்துல சேத்தீகளா?"

"இல்லை."

"கையெழுத்து?"

"போட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டதற்காக நான் அவளைப் பார்த்து அதிர்ந்ததுபோல, எழுதாமல் விட்டதற்காக அவள் என்னைப் பார்த்து அதிர்ந்தாள். அவள் எட்டு வயதிலிருந்து என் எதிரில் உட்கார்ந்து முற்றுப்புள்ளி சொன்னவள்.

விசாரணை நீளவில்லை. நகல் பிரிவுக்கும் கோர்ட்டு அறைக்கும் நடுவே ஒரு தட்டிதான். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இரண்டு பிரதிகளையும் எழுதியது யார்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"நான்தாங்க" என்றார் ஆரோக்கியம்.

"இரண்டில் எது உம்முடைய அபிப்பிராயம்?"

"மொதல்ல எழுதுனதுதாங்க. ரெண்டாவது பயந்து எழுதுனது."

சபையில் யாரோ சிரித்தார்கள். டவாலிச் சேவகர் அதட்டினார். ஒன்பது மாதம் கடுங்காவல். தீர்ப்பில், நீதிமன்றக் குமாஸ்தாக்கள் தயாரித்த மிகக் கவனமான ஒப்புநோக்குப் பட்டியல் இந்த நீதிமன்றத்துக்குப் பேருதவியாக இருந்தது என்று ஒரு வரி இருந்தது. என் வேலையை யாரும் எழுத்தில் பாராட்டியது என் சர்வீசில் அந்த ஒருமுறைதான். அந்தத் தீர்ப்பின் நகலையும் நானே ஒப்புப் பார்த்தேன். அந்த வரியை உரக்கப் படிக்கவேண்டியிருந்தது.

வீட்டில் சொன்னபோது பாப்பா அழவில்லை. "எச்சரிச்சு விட்டுருவாகன்னு சொன்னீக" என்றாள். அவ்வளவுதான். கூடலூர்க்காரர்கள் வந்தார்கள், பிடித்துப்போனது, கல்யாணம் நடந்தது. ஒவ்வொரு நாளும் தபால் வரும்போது உறைகளின் மேலெழுத்தைப் பார்ப்பேன். எங்கேயாவது உட்கார்ந்து மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவாளோ என்று. எழுதவில்லை. அதன்பின் அவள் எதையுமே எழுதவில்லை என்று மருமகன் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார். கடைக்குச் சாமான் சீட்டுகூட வாயால்தான் சொல்கிறாளாம்.

மறுவருஷம் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு காலை ஆரோக்கியம் வாத்தியார் வந்தார். பாதி ஆளாகியிருந்தார். பள்ளிக்கூட வேலை போய்விட்டது. கூடலூர்ப் பக்கம் ஒரு ஏலக்காய்க் கடையில் எழுத்து வேலை பார்ப்பதாகச் சொன்னார். ஜெயிலைப் பற்றி வேடிக்கையாகவே பேசினார். "களி தின்னுட்டு நாடகம் போட்டோம் அண்ணே. அனுமதி வாங்காமத்தான். கிழவி வேசம் கட்டுனவன் மீசைய எடுக்க மாட்டேன்னுட்டான்." பாப்பாகூடச் சிரித்தாள்.

நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவர் தாழ்ந்த குரலில் அவளிடம் கேட்பது காதில் விழுந்தது.

"கடைசில கிழவி ஒண்ணு சொல்லுவாள்ல பாப்பா, மாஸ்டர் ஜன்னலச் சாத்துனப்பறம். அது மட்டும் மறந்துருச்சு. அங்கன எத்தனையோ பேர் கேட்டானுக. நகலுக்கு மனுப் போட்டா மறுபடி தோண்டுவாக."

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசற்படியில் செம்போடு நின்ற நான் சொன்னேன். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாய் படித்தது.

"அவன வண்டியில ஏத்திவிட்டது எங்கையிதான், முற்றுப்புள்ளி. ஒங்கள வைய எனக்கு வாயில்ல சாமி, முற்றுப்புள்ளி."

வாத்தியார் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. "அதேதான்" என்றார். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"நான் பாப்பாகிட்டல்ல கேட்டேன்" என்றார். "எதுக்கு அவகிட்டக் கேக்குறேன்னு நீங்க கேக்கலயே, அண்ணே."

நான் செம்பைக் கீழே வைத்தேன்.

"எப்பத்துலருந்து தெரியும்?" என்றார்.

"ஒப்புப் பாத்த அன்னைக்கு."

பாப்பா எழுதியது தகப்பனுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்று, என்னிடம் சொல்லக்கூடாதென்று தன் மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போனவர் அவர். இதைப் பிறகு பாப்பா சொல்லித்தான் அறிந்தேன். அன்று அவர் அதைச் சொல்லவில்லை. ஒரு வசவு, ஒரு சாபம், எதற்கும் தயாராக நின்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளையும் பென்சிலையும் எடுத்தார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். சொன்னேன். முழங்காலில் வைத்து மெல்ல எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்ததும் அந்தத் தாளைப் பாப்பாவிடம் நீட்டி, "சரியா இருக்கான்னு பாரும்மா" என்றார்.

அவள் பார்த்தாள். என்னிடம் அவர் காட்டவில்லை.